கூண்டுக்குள் கல்

ஈஸ்டர்ன் அவென்யூவுக்கு நாங்கள் இரண்டு தபால்காரர்கள்.
என் சாரி வாஷிங்டன்.
யாதியேலின் சாரி மேரிலாந்து.
நடுவில் ஒரு தார்ச்சாலை,
குளிரில் இருமும் ஒரு குப்பை லாரி.
வாரம் ஆறு நாள் எதிரெதிரே நடக்கிறோம்.
ஒருவன் பை தடித்திருந்தால்
மற்றவன் விசில் அடிப்பான்.

அக்டோபரில் இரண்டு பையும் தடிக்கின்றன.
வாக்குச்சீட்டுகள்.

டெல்ஃபீன் பேட்டில் பெட்டியில் போட விடமாட்டாள்.
நாற்பத்தொரு வருடம் அரசாங்க அச்சகத்தில் மை துடைத்த கை,
நீட்டி வாங்கிக்கொள்ளும்.
"அதிபருக்கு?" என்பாள்.
"உண்டு."
"செனட்டருக்கு?"
"இல்லை."
"வரிக்கு?"
அதற்கு நான் பதில் சொல்வதில்லை, அவளே சிரித்துவிடுவாள்.

எதிர்வீட்டு ஆஸ்குட் இன்னும் புல்லை வெட்டிக்கொண்டிருக்கிறார்.
அவருக்கு இரண்டு செனட்டர்கள்.
ஒருவர் பெயர் மறந்துபோச்சு என்பார், கூச்சமே இல்லாமல்.
டெல்ஃபீன் இரண்டு பெயரையும் சொல்வாள்,
அடுத்த வீட்டில் வேகும் கறியை
மூக்கால் அறிந்தவள் போல.

மதியச் சாப்பாடு கல்லருகே.
இருநூறு வருடத்துக்கு முன்
எல்லை இதுவென்று நட்ட மணற்கல்,
மழை தின்று எழுத்து பாதி போய்விட்டது.
சுற்றி இரும்புக் கூண்டு.
ஓடிவிடும் என்று பயந்தது கல்லையா, கோட்டையா?
யாதியேல் கம்பியில் தன் தொப்பியை மாட்டுவான்.

அவன் அரெசிபோக்காரன்.
"அங்கே நான் குடிமகன், அதிபருக்கு ஓட்டு மட்டும் கிடையாது.
விமானத்தில் நாலு மணி நேரம்.
இறங்கி முகவரி எழுதிக் கொடுத்தேன், ஓட்டு வந்துவிட்டது.
என்னிடம் என்னடா மாறியது?
ஒரு கம்பளிக் கோட்டு. அதுவும் தள்ளுபடியில்."

அவனுடைய மேலாளர் ஸ்டோல்ட்ஃபஸ் பென்சில்வேனியாவில் பிறந்தவர்.
"நானும் ஒரு காமன்வெல்த்காரன்தான், உன்னைப்போல"
என்று தோளில் தட்டினாராம்.
ஒரே சொல்.
அவர் ஊரில் அது அலங்கார வாசல்,
உள்ளே போனால் முழு மாநிலம்,
நாற்காலி எல்லாம் போட்டிருக்கும்.
யாதியேல் ஊரில்
வாசல் இருக்கிறது.

நான் ஃபெலெட்டி, பாகோ பாகோவிலிருந்து.
ஒருநாள் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான்.
அதே நீலம், அதே கழுகு.
பின்பக்கத்தில் ஒரு வரி:
இதை வைத்திருப்பவர் இந்நாட்டவர், குடிமகன் அல்லர்.
இரண்டு முறை படித்தான்.
சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு
மூன்றாம் முறையும்.
"அப்படியென்றால் என்ன அர்த்தம்?"

சீருடை போடலாம் என்று அர்த்தம்.
என் அண்ணன் போட்டான்.
முக்கோணமாய் மடித்துத் தந்த கொடியில்
மேலே தெரிந்த நட்சத்திரங்களை
அவன் மகள் விரல் வைத்து எண்ணினாள்.
நம்முடையது எது என்று கேட்டாள்.
பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

ஆனாலும் ஊரில் பலருக்கு மாற விருப்பமில்லை.
"ஓட்டைக் கொடுத்துவிட்டு மலையைக் கேட்பார்கள்" என்பார் மாமா.
எங்கள் நிலம் குடும்பத்தின் பெயரில், ஆளின் பெயரில் அல்ல.
அவர் சொல்வதும் சரிதான்.
அண்ணன் மகள் கேட்டதும் சரிதான்.
நான் இரண்டையும் வைத்துக்கொண்டு
படியேறி இறங்குகிறேன்.

நவம்பர் முதல் வாரம்,
டெல்ஃபீன் ஒட்டிய உறையைத் திருப்பித் தந்தாள்,
கையெழுத்து ஒரு கோடுகூட நடுங்கவில்லை.
"நீ போட்டாயா?"
"எடுத்துப் போகிறேன்" என்றேன்.
அவள் என்னையே பார்த்தாள்.
பிறகு உள்ளே போய்
ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள்.

பையில் இன்று எழுபத்தெட்டு ஓட்டுகள்.
ஒன்றும் என்னுடையதல்ல.
வார் தோளை அறுக்கிறது, எப்போதும்போல.

தெருவுக்கு அப்பாலிருந்து
யாதியேல் விசில் அடிக்கிறான்.